வேதநாயக சாத்திரியாரின் சாதி முறையீடுகளும் ‘கருக்கு’ம்: ஒரு திறனாய்வு

தமிழ்க் கிறித்தவ இலக்கிய வரலாறு எழுதப் புகுந்தோர் தஞ்சை வேதநாயக சாத்திரியாருக்குத் தனியிடம் அளிக்கத் தவறியதில்லை. பெத்லகேம் குறவஞ்சியின் ஓசை நயமும் ஞானத்தச்ச நாடகத்தின் அமைப்பும் செபமாலையின் உருக்கமும் அவ்வரலாறுகளில் விரித்துப் பேசப்பெறுகின்றன. ஆயின், 1829ஆம் ஆண்டளவில் அதே புலவர் சாதி வழக்குப் பற்றி உரைநடையில் எழுதிய முறையீடுகள் பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடக்கப்படுகின்றன. சிலவற்றில் அவ்வரிகளும் இல்லை. உரைநடையாகலின் இலக்கியமாகா என்பது வெளிப்படக் கூறும் காரணம். பக்தியில் உயர்ந்த புலவர் ஒருவர், திருக்கோயிலினுள் சாதி வேற்றுமை நிலைத்தல் வேண்டும் என வழக்காடினார் என்பதைச் சொல்லக் கூசுதலே உண்மைக் காரணம் என்பது நம் கருத்து. அமெரிக்க அறிஞர் டென்னிஸ் அட்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆங்கில நூலில் இம்முறையீடுகளை விரிவாக ஆராய்ந்தார். தமிழ்த் துறையினராகிய நாம் அவ்வளவு விரிவாக இவற்றை எடுத்துக்கொள்ளவில்லை என்பதை ஒப்புதல் வேண்டும்.

(மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை வேறு, சாத்திரியார் வேறு. முன்னவர் 1826இல் பிறந்த கத்தோலிக்கர். சாத்திரியார் சீர்திருத்தச் சபையைச் சார்ந்தவர். முதுகலை மாணவர் விடைத்தாள்களில் இவ்விருவரும் ஒருவராகிவிடுதலை ஆண்டுதோறும் காண்கின்றோமாதலின் இதனைக் குறிக்கின்றோம்.)

சாத்திரியார் 1774இல் திருநெல்வேலியில் வேளாளர் குலத்துக் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தார். செருமானியக் குருவாகிய சுவார்ட்சு அவரை இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் தஞ்சை மன்னரான இரண்டாம் சரபோசியும் சுவார்ட்சின் அரவணைப்பில் வளர்ந்தவரே. மன்னரும் புலவரும் ஓராசானிடம் பயின்ற இச்சூழலை மறவாதிருத்தல் வேண்டும். தஞ்சை அவையின் இசையும் நாடகமும் சாத்திரியாருக்கு அயலானவை அல்ல. சபையாருள் அவர் பெற்றிருந்த மதிப்பும் சமயத்தால் மட்டும் வந்ததன்று. குலத்தாலும் கல்வியாலும் அரண்மனைத் தொடர்பாலும் வந்தது.

1820களில் தஞ்சைக்கும் சென்னைக்கும் வந்த புதிய மிசனரிமார் பழைய வழக்கங்கள் சிலவற்றை மாற்ற முற்பட்டனர். அதனை எதிர்த்தே சாத்திரியார் எழுதினார். அவர் முறையிட்ட கொடுமைகள் நான்கு. பபிரிசியுசு ஐயரின் வேதாகம மொழிபெயர்ப்பை விலக்கிப் புதியதைப் புகுத்தியது ஒன்று. கோயிலிலும் திருவிருந்திலும் சாதியாரைக் கலந்திருக்கக் கட்டாயப்படுத்தியது மற்றொன்று. திருமணம், அடக்கம் முதலிய சடங்குகளில் மலர் கூடாதென விலக்கியது பிறிதொன்று. தமிழிசைப் பாடல்களைக் கோயிலினின்று அகற்ற முயன்றது இறுதியானது.

இந்நான்கையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்ததிலேயே சாத்திரியாரின் வழக்குத் திறம் அடங்கியுள்ளது. திறனாய்வாளன் முதற்கண் செய்ய வேண்டுவது அக்கட்டினை அவிழ்த்தல். மலரையும் இசையையும் விலக்கியது மிசனரிமாரின் அறியாமை. ஒரு நாட்டு மக்கள் தம் துயரையும் மகிழ்வையும் வெளியிடும் வழிகளைப் பொய்ச்சமயத்தின் எச்சம் எனக் கருதியதில் அயலார் செருக்கே மிகுதி. அங்கே சாத்திரியார் பக்கமே நீதி உள்ளது. மொழிபெயர்ப்புப் பற்றிய பூசலில் இரு சார்பிலும் நியாயம் உண்டு. பழகிய நடையைக் காதும் நெஞ்சும் விடமாட்டா. புதிய திருத்தம் பொருள் தெளிவை நாடியது. ஆனால் சாதி இருக்கை அவ்வாறன்று. மலருக்கும் இசைக்கும் உரிய நியாயத்தைக் கொண்டு இருக்கை வேற்றுமைக்கும் நிழல் தேடுகிறார் சாத்திரியார். பண்பாட்டுரிமை என்னும் ஒரு போர்வையின்கீழ் பிறர் உரிமையை மறுத்தலும் ஒளிந்துகொள்கின்றது. இற்றைநாள் வழக்குகள் பலவற்றிலும் இவ்வுத்தியைக் காணலாம்.

முறையீடுகளின் வாத நெறி கூர்மையானது. சாதி என்பது உலகியல் மதிப்பே. மீட்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆதலின் அதனை விடுமாறு வற்புறுத்துதலும் வேதத்திற் சொல்லப்படாத சுமையே என்பது அவர் அடிப்படை. சீகன்பால்கு முதல் சுவார்ட்சு வரை முன்னைக் குருமார் ஒரு கூரையின்கீழ்த் தனித்தனி இடத்தில் இருத்தலை ஏற்றிருந்தனரே என்பது அடுத்த வாதம். தூய்மை, உணவு, குடிப்பழக்கம் ஆகியவற்றைக் காட்டி வேற்றுமையை நியாயப்படுத்துதலும் உண்டு. இவற்றுள் முதல் வாதமே நின்று ஆராயத்தக்கது. சாதி வெறும் உலகியல் என்றால் அதனைக் கோயிலின் வாயிற்படியிலேயே விட்டு வரலாமே. வழிபாட்டினுள் அதனைக் காத்தல் எற்றுக்கு? உலகியல் என்று சொல்லிச் சமயத்தின் கேள்விக்கு அப்பால் நிறுத்துவதும், பின் சமயச் சடங்கிலேயே அதற்கு இடம் கேட்பதும் ஒன்றுக்கொன்று முரண். இம்முரணைப் புலவர் உணர்ந்ததற்கு அறிகுறி யாதும் இல்லை.

இனிப் பெத்லகேம் குறவஞ்சியை நோக்குவோம். 1800ஆம் ஆண்டினதாகிய இந்நூல், குறவஞ்சி என்னும் நாடக வடிவத்தை அதன் உறுப்பொன்றும் குறையாமல் கிறித்தவப் பொருட்கு ஆக்கிக்கொண்டது. தலைவி தேவமோகினி, சீயோன் மகள், திருச்சபையின் உருவகம். அவள்பால் வந்து குறி சொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவகம். சிங்கனும் நூவனும் வலை விரித்துப் பறவை பிடித்தல் குருவும் உபதேசியும் ஆன்மாக்களை ஈர்த்தலைக் குறிக்கும். புதிய பூகோளச் செய்திகளும் வானநூற் செய்திகளும் இடையிடையே புகுந்து நூலுக்கு ஒரு தனிச்சுவை அளிக்கின்றன. நிற்க, நாம் இங்குக் கருதுவது குறத்தியின் இடம். மலையிற் பிறந்து ஊரூராய்த் திரியும் பெண் ஒருத்தி உயர்குடித் தலைவியின் முற்றத்தில் தடையின்றி நுழைகின்றாள். அவள் கையைப் பற்றுகின்றாள். அவள் அறியாத நற்செய்தியை அவளுக்கு அறிவிக்கின்றாள். திருச்சபைக்கு விசுவாசத்தைக் கொண்டு வருபவள் ஊரார் தாழ்ந்தவள் என மதிக்கும் ஒருத்தி. குறவஞ்சி வடிவம் இதனைத் தானே கொணர்ந்தது. புலவர் தேடிக் கொண்டதன்று எனலாம். எனினும் வடிவம் தந்த பொருளைப் புலவர் மறுக்கவில்லை. விரிவாகப் பாடி மகிழ்ந்தார்.

முப்பதாண்டு கழிந்து அதே புலவர், அக்குறத்தியை ஒத்த மனிதர் பக்கத்தில் அமர்தலைக் கொடுமை என எழுதினார். இதனைக் கொண்டு குறவஞ்சியைத் தள்ளிவிடுதல் எளிது. முறையீடுகளை மறைத்துக் குறவஞ்சியைப் போற்றுதல் அதனினும் எளிது. நாம் இரண்டையும் செய்யோம். உருவகத்தில் ஏற்ற ஒன்றை நடைமுறையில் ஏற்க மறுத்தல் பக்தி இலக்கியம் முழுமைக்கும் பொதுவான இடர்ப்பாடு. நந்தனாரைப் பாடுவோர் எல்லாரும் நந்தனார் சேரியை நோக்கினர் என்று கூற முடியுமா? கவிதை தன் ஆசிரியனைவிடப் பெரிதாக வளர்ந்து நிற்றலும் உண்டு. பெத்லகேம் குறவஞ்சி அத்தகையது.

முறையீடுகள் எழுந்து சில ஆண்டுகளில் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் 1833இல் ஒரு சுற்றுமடல் விடுத்தார். சாதி வேற்றுமையைத் தயக்கமின்றி உடனடியாகவும் முற்றிலும் கைவிடல் வேண்டும் என அது பணித்தது. சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் வேளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு நீங்கினர். அவருட் சிலர் பின்னர்ச் சாதி வழக்கில் இளகிய போக்குடைய லைப்சிக்கு மிசனைச் சார்ந்தனர். வில்சனின் கட்டளை அறத்தால் சரியானது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அக்கட்டளை நோக்கியது இருக்கையையும் கிண்ணத்தையும் மட்டுமே. அக்காலத் தஞ்சைக் காவிரிப் படுகையில் ஒடுக்கப்பட்ட குலத்தார் பெரும்பாலும் நிலமற்ற பண்ணையாட்கள். கோயிலினுள் அருகருகே அமர்ந்தாலும் வயலில் ஒருவர் மிராசுதார், மற்றவர் படியாள். அவ்வுறவைப் பற்றி மடல் பேசவில்லை. திருச்சபையின் அறம் வாயிற்படிக்கு உள்ளே தொடங்கி உள்ளேயே முடிந்தது.

வேற்றுமை சீர்திருத்தச் சபையோடு நின்றதன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கர் 1872இல் எழுப்பிய கோயில் இரு கவடுபட்ட வடிவிற்று. இரு பிரிவினரும் ஒருவரை ஒருவர் காணாது ஒரே பலிபீடத்தை நோக்கி அமருமாறு அது கட்டப்பெற்றது. கொத்தனாரின் கலை சாதிக்குச் செய்த தொண்டு இதனினும் தெளிவாக வேறெங்கும் காண்டல் அரிது. 1910இல் குருமார் அத்தடுப்பை நீக்கினர். தடுப்புத் தம் உரிமை என்று கொண்ட வேளாளர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றனர். முன்னோர் வழக்கம் உரிமையாகும் என்னும் சாத்திரியாரின் வாதமே இங்குச் சட்டமொழியில் மீண்டும் எழுந்தது எனக் கொள்ளலாம். ஆயின் சாத்திரியார் சபைக்கு முறையிட்டார். இவர்கள் சபையின்மேல் முறையிட்டார்கள். எண்பதாண்டில் நிகழ்ந்த மாற்றம் இது.

நிலத்தைப் பற்றித் திருச்சபையார் பேசிய காலமும் வந்தது. 1891இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியர் திரெமன்கீர் அம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அப்பகுதியில் பணியாற்றிய ஆடம் ஆண்டுரு, வில்லியம் கவுடி முதலிய மிசனரிமார், குடிமனைக்கும் நிலத்திற்கும் ஒடுக்கப்பட்டோர்க்கு உரிமை வேண்டும் என அரசினரிடமும் செய்தித்தாள்களிலும் வாதாடினர். 1892இல் வெளிவந்த அரசாணையின் வழியாகப் பிற்காலத்தில் பஞ்சமி நிலம் என வழங்கும் ஒதுக்கீடு தொடங்கிற்று. உரோமையில் பதின்மூன்றாம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்த புகழ்பெற்ற சுற்றுமடலை விடுத்ததும் 1891ஆம் ஆண்டே. இரண்டிற்கும் நேர்த்தொடர்பு இல்லை. செங்கற்பட்டில் வாதாடியோர் கத்தோலிக்கரும் அல்லர். எனினும், கோயிலின் ஒழுங்குபற்றி மட்டும் பேசிவந்த சபைகள் கூலி, நிலம், குடியிருப்பு ஆகியவற்றைச் சமய அறத்தின் பொருளாகக் கொள்ளத் தொடங்கிய காலம் அது. மிசனரிமார்க்கு இதில் தம் சபையை வளர்க்கும் நோக்கமும் இருந்தது என்பர். இருந்திருக்கலாம். நோக்கம் கலப்புற்றது என்பதற்காகக் குடிமனை வேண்டினோர் கோரிக்கை பொய்யாகிவிடாது.

இத்துணை வரலாற்றிலும் பேசியோர் ஆயர், குரு, ஆட்சியர், வேளாளப் புலவர் என்பாரே. எவருடைய இருக்கை குறித்து வழக்கு நிகழ்ந்ததோ அவர் எழுத்து இல்லை. 1829இன் முறையீடுகளைப் படிக்குங்கால் இவ்வின்மை நம்மை உறுத்துகின்றது. பக்கத்துப் பாயில் அமர்ந்திருந்தோர் என்ன எண்ணினர்? சாத்திரியார்க்கு அவர்கள் விடை எழுதவில்லை. எழுதும் நிலையில் வைக்கப்படவும் இல்லை.

அவ்விடை நூற்றறுபது ஆண்டுக்குப் பின், வேறொரு சபையிலிருந்து, 1992இல் வந்தது எனக் கொள்வது நம் துணிபு. பாமாவின் ‘கருக்கு’ தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு எனப் பொதுவாகச் சுட்டப்படுவது. ஏழாண்டு துறவறத்தில் இருந்து வெளியேறியபின் எழுதிய நூல் அது. இதனைப் பெரும்பாலும் சாதிக் கொடுமையின் ஆவணமாகவே திறனாய்வாளர் காட்டுவர். ஆவணம் என்பது சரியே. ஆயின் அது திருச்சபைக்கு வரைந்த முறையீடும் ஆகும். அவ்வகையில் சாத்திரியாரின் முறையீடுகளோடு ஒருங்கு வைத்துப் படிக்கத்தக்கது. ஒருவர், என்னை அவர்கள் பக்கத்தில் உட்கார வைக்காதீர் என்றார். மற்றவர், எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்ததாகச் சொல்கின்றீரே, உண்மையிலேயே வைத்தீரா என்று வினவுகின்றார்.

பாமாவின் வினா வில்சனின் மடலுக்கும் செங்கற்பட்டு வாதத்திற்கும் அப்பாற் செல்வது. ஏழைகளுக்குத் தொண்டு செய்யும் பொருட்டுத் துறவு பூண்ட பெண், தன் சபை நடத்தும் பள்ளியில் செல்வர் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மதிப்பையும், அங்கே தலித் மக்கள் இழிதொழிற்கு மட்டும் உரியோராய் இருத்தலையும் காண்கின்றாள். ஏழ்மை வாக்குறுதி எடுத்த மடத்தில் குறைவற்ற வாழ்வு நிலவுதலையும் அவள் காண்கின்றாள். இங்கே குற்றம் சாட்டப்பெறுவது உலகம் அன்று. உலகின் அநீதியைக் கண்டிக்க முன்வந்த நிறுவனமே. திருச்சபையின் பொதுப்பணி குறித்த வினாவை அதன் ஊதியப் பட்டியலுக்கும் சமையற்கட்டுக்கும் கொண்டு சென்றதே ‘கருக்கு’ செய்த புதுமை.

மொழியைப் பற்றியும் சில கூறல் வேண்டும். ‘கருக்கு’ தெற்கத்திப் பேச்சுத் தமிழில் அமைந்தது. இலக்கணம் வழுவிய நடை என அஃது வெளிவந்த காலத்தில் எழுந்த மறுப்புகளை நாம் அறிவோம். பேச்சு மொழி வேண்டுமென்றே தெரிந்துகொண்ட கருவி என்பதை அம்மறுப்பாளர் காணவில்லை. சாத்திரியாரின் முறையீட்டு உரைநடை வடசொல் மிக்கது. வேத வசனத்தை அடுக்குவது. அதிகாரத்தில் இருப்போர் மொழியிலேயே அதிகாரத்தோடு பேசுவது. பாமா அந்த மொழியைக் கையாண்டிருந்தால் அவர் குரல் மற்றுமொரு விண்ணப்பமாக முடிந்திருக்கும். தெருவின் மொழியில் எழுதியமையால், கேட்போர் தெருவுக்கு வரவேண்டியதாயிற்று. நிகழ்ச்சிகள் காலமுறையில் செல்லாமல் திரும்பத் திரும்ப ஒரே வடுவைச் சுற்றி வருதலும் குறையன்று. நினைவின் இயல்பு அது. எனினும் மடத்து வாழ்வு பற்றிய பகுதிகளில் சினம் காட்சியை முந்திவிடும் இடங்கள் உள. ஊரைச் சொல்லும்போது வாய்க்கும் கூரிய காட்சித்திறன் மடத்தைச் சொல்லும்போது சிற்சில இடங்களில் பொதுக் கூற்றாகத் தளர்கின்றது. இதனைக் குறிப்பது நூலின் பெருமையைக் குறைத்தற்கன்று. இரங்கிப் பாராட்டுதல் ஒரு படைப்பாளிக்குத் திறனாய்வு செய்யும் மரியாதை ஆகாது.

பனங்கருக்கு இருபுறமும் அறுப்பது என்பதையும் ஆசிரியரே தம் முன்னுரையில் விவிலியத்தின் இருபுறக் கருக்குள்ள வாளோடு இணைத்துக் காட்டியுள்ளார். சபையை விட்டு வெளியேறியவர் சபையின் நூலையே தம் தலைப்புக்குச் சான்றாகக் கொள்ளுதல் கருதத்தக்கது. அவர் விசுவாசத்தை விடவில்லை. அதனை வைத்திருப்பதாகச் சொல்வோரிடமிருந்து திரும்பப் பெற முயல்கின்றார்.

இவ்விடத்தில் நிகழ்காலத்து வழக்கொன்றைத் தொடாமல் இருத்தல் இயலாது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கே வரையறுத்தது, 1956இல் சீக்கியர்க்கும் 1990இல் பௌத்தர்க்கும் அது விரிந்தது, கிறித்தவர் விலக்கப்பட்டனர். அவ்வுரிமை வேண்டித் திருச்சபைகள் பல்லாண்டாகப் போராடி வருகின்றன. இரங்கநாத மிசுரா ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை இவ்வேண்டுகோளுக்குச் சார்பானது. சமயம் மாறினும் சாதி மாறவில்லை என்பதே போராட்டத்தின் அடிப்படை வாதம். இவ்வாதத்தை அரசின் முன் வைக்குங்கால், தம் கல்லறையிலும் பள்ளியிலும் ஆயர் பதவிகளிலும் சாதி மாறவில்லை என்பதற்குத் திருச்சபை தானே சான்று தருகின்றது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கை, சபைக்குள் தீண்டாமை வழக்கம் உண்டென ஏற்றுக்கொண்டது. ‘கருக்கு’ வந்து இருபத்துநான்கு ஆண்டுக்குப் பின் வந்த ஏற்பு அது. இலக்கியம் சான்று கூறியதை நிறுவனம் பதிவு செய்ய எடுத்துக்கொண்ட காலத்தை இதனால் அளக்கலாம்.

சாத்திரியாரின் நான்கு குறைகளுள் இசை பற்றியது நியாயமுடையது என்றோம். அக்குறைக்கு எதிர்பாராத திசையிலிருந்து ஒரு தீர்வு கிட்டியது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலசு அப்பாவு, பரட்டை அண்ணன் என்னும் பெயரில் நாட்டார் இசையில் வழிபாட்டு முறை ஒன்றையே அமைத்தார். கோயிலில் தமிழிசை வேண்டும் என்ற சாத்திரியாரின் வேட்கை அவரிடமும் உண்டு. ஆனால் தஞ்சை அவையின் இசைக்கு மாறாகப் பறையும் நாட்டுப்புறப் பண்ணும் அவர் வழிபாட்டில் ஒலித்தன. உயர்குடியினரின் இசை சபைக்குள் சாதியைக் காத்து வந்தது என்பது அவர் கருத்து. அவர் இறையியலில் மையமாக நிற்பது ‘ஒரே உலை’ என்னும் எண்ணம். ஒரு பானையில் பொங்கி எல்லாரும் உண்ணுதல். 1829இல் ஒரே கிண்ணத்திற் பருகுதலைக் கொடுமை என எழுதிய புலவருடைய இசைக் கோரிக்கையை, ஒரே பானையிலிருந்து உண்ணுதலைத் திருவிருந்தின் பொருளாகக் கொண்டவர் நிறைவேற்றினார்.

முறையீடுகளின் கையெழுத்துப் படி இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் உள்ளது. அவற்றைச் செம்பதிப்பாக, சொற்பொருளும் வரலாற்றுக் குறிப்பும் சேர்த்து, பெத்லகேம் குறவஞ்சியோடு ஒரே தொகுதியில் வெளியிடுதல் வேண்டும் என்பது நம் வேண்டுகோள். குறவஞ்சியைப் பாடமாக வைக்கும் பல்கலைக்கழகங்கள் அத்தொகுதியையே பாடமாக வைப்பின், குறத்தி தேவமோகினியின் முற்றத்தில் நுழையும் பகுதியை மாணவர் வேறு கண்கொண்டு படிப்பர்.